மஞ்சள் எழுத்தும் மதகு எண்ணும்: ஓர் உழவர் செய்தி மடலைப் படிக்கத் தக்கதாக மாற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோடு மாவட்டத்தின் கீழ்பவானிப் பாசனப் பகுதியில், அறச்சலூர் முதல் சிவகிரி வரையுள்ள ஊர்களின் மஞ்சள், தென்னை உழவர்கள் சேர்ந்து நடத்தும் குழு ஒன்று, தன் உறுப்பினர்களுக்காக மாதந்தோறும் எட்டுப் பக்கச் செய்தி மடலை வெளியிட்டு வந்தது. அச்சிட்ட படிகளைப் பால் சங்கத்திலும் உரக்கடையிலும் வைப்பார்கள். அதே பக்கங்கள் பிடிஎஃப் கோப்பாக வாட்ஸ்அப் குழுவிலும் போகும். பக்க வடிவமைப்பு என் தொழில் என்பதால், தை மாதத்தில் குழுவின் செயலாளர் என்னைத் தேடி வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியரான அவர், இம்மடலைப் பல ஆண்டுகளாகத் தனியாளாகத் தொகுத்து வந்தவர்.

அவர் சொன்ன குறை இதுதான்: முந்தைய மாத மடல்கள் பால் சங்கத்தின் மூலையில் கட்டு அவிழ்க்கப்படாமல் கிடக்கின்றன, கூட்டத்துக்கு வருபவர்கள், சென்ற இதழில் ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதப்பட்ட செய்தியையே எழுந்து நின்று கேட்கிறார்கள். "படிக்கற பழக்கமே போயிருச்சுங்க" என்று அவர் முடித்துக்கொண்டார். அந்த முடிவை நானும் அன்று மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன். பின்னர் நிகழ்ந்த பிழைகள் பலவற்றுக்கும் அந்த ஏற்பே வேர்.

மடலின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். ஏ4 அளவுத் தாள். பக்கத்துக்கு மூன்று பத்திகள். 11 பாயிண்ட் எழுத்து. இரு ஓரமும் நேராக நிற்கும்படி இழுத்துக் கட்டிய வரிகள். முதல் பக்கத்தில் தலைவரின் தலையங்கமும், விழாவில் சால்வை போர்த்தும் படங்களும். இரண்டு முதல் ஐந்து வரை கட்டுரைகள். ஆறாம் பக்கத்தில் மஞ்சள் விலைப் பட்டியல். ஏழாம் பக்கத்தில் தண்ணீர் திறப்பு, கூட்டத் தேதி போன்ற அறிவிப்புகள். எட்டாம் பக்கம் முழுவதும் ஓர் உரக்கடையின் விளம்பரம்.

முதல் முயற்சி

படிக்கும் பழக்கம் போய்விட்டது என்றால் கண்ணைக் கவரும்படி செய்ய வேண்டும் என்பது என் அப்போதைய கணக்கு. மஞ்சள் உழவர்களின் மடல் ஆயிற்றே என்று தலைப்புகளை எல்லாம் மஞ்சள் நிறமாக்கினேன். பக்கத்தின் பின்புலத்தில் வெளிர்பச்சையாக மஞ்சள் இலை ஒன்றை விரித்தேன். தலைப்புக்கொரு அலங்கார எழுத்துரு, செய்திக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு நிழல். மாசி, பங்குனி இதழ்கள் இவ்வாறு வந்தன. குழுவினர் கூடிப் பாராட்டினார்கள். தலைவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தே சொன்னார். நானும் மகிழ்ந்திருந்தேன்.

பால் சங்கத்துக் கட்டு மட்டும் குறையவில்லை. பங்குனிக் கூட்டத்தின் முடிவில், மஞ்சளும் எருமையும் வைத்துத் தனியே பண்ணயம் பார்க்கும் ஒரு பெண் உறுப்பினர் என்னிடம் வந்து, "கண்ணாலப் பத்திரிகை மாதிரி அழகாத்தானுங்ண்ணா இருக்குது. ஆனாக் கண்ணாலப் பத்திரிகைல தேதியும் மண்டபமும் ஒடனே கண்ணுக்குத் தெரியுமுங்க, இதுல அதுங்கூடத் தெரியலைங்களே" என்றார். பாராட்டிய குழுவினர் எவரும் மடலைத் தமக்கு வேண்டிய ஒன்றைத் தேடுவதற்காகக் கையில் எடுத்தவர்கள் அல்லர். எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக எடுத்தவர்கள். அவர் தேடியவர். இந்த வேறுபாடு எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கண்டவை

சித்திரை மாதத்தில் செயலாளரும் நானும் பால் சங்கம், ஒரு டீக்கடை, மஞ்சள் காய வைத்திருந்த களம் ஆகிய மூன்று இடங்களில் நான்கு நாள்கள் உட்கார்ந்திருந்தோம். மடல் பிடிக்கிறதா என்று எவரையும் கேட்பதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம். கேட்டால், நம் பக்கத்து மக்கள் எதிரில் இருப்பவர் மனம் நோகப் பேச மாட்டார்கள். மார்கழி இதழை அவரவர் கைப்பேசியிலேயே திறக்கச் சொல்லி, "புன்செய்ப் பாசனத்துக்கு உங்கள் மதகில் தண்ணீர் எப்போது என்று இதில் பார்த்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டு, விரல் போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதினோரு பேரில் விடையைத் தாமே கண்டுபிடித்தவர் மூவர். மற்றவர்கள் பெரும்பாலும் ஒரே வகையில் தடுக்கினார்கள். திறந்ததும் முழுப் பக்கமும் பொடியாகத் தெரியும். இரு விரலால் விரித்துப் பெரிதாக்குவார்கள். ஒரு பத்தியின் நடுப்பகுதி மட்டும் திரையில் நிற்கும். வரியின் முனையைக் காண வலப்பக்கம் நகர்த்துவார்கள். அடுத்த வரிக்கு இடப்பக்கம் திரும்புவதற்குள் எந்த வரியில் இருந்தோம் என்பது தவறிவிடும். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கைப்பேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 70. அதாவது, பக்கம் முழுவதும் தெரியும்போது 11 பாயிண்ட் எழுத்து 4 பாயிண்டுக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில்கூட எழுத்து இதைவிடப் பெரிது. இத்தனை ஆண்டுகள் அந்தப் பக்கங்களைப் பெரிய கணினித் திரையில் மட்டுமே பார்த்துவந்த எனக்கு, இந்தச் சிறு பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

களத்தில் வெயில் இருந்தது. மாசி இதழைக் காட்டியபோது, தலைப்பு எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து அவருடைய திரையில் இல்லவே இல்லை. வலைப்பக்கங்கள் எல்லோரும் படிக்கத் தக்கவையாக இருப்பதற்கு உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வகுத்துள்ள நெறியில், சிறிய எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்திலும், பெரிய தலைப்பெழுத்துக்கு 3க்கு 1 என்ற விகிதத்திலும் இருக்க வேண்டும். தூய மஞ்சளை வெள்ளையின் மேல் வைத்தால் அது 1.07க்கு 1. ஏறக்குறைய வெள்ளைமேல் வெள்ளை.

பால் சங்கத்துக்கு வந்த ஒரு பெரியவர், கண்புரை அறுவைக்குப் பின் கைப்பேசியையே படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பவர். நாளிதழ்ச் செய்தியை அது நன்றாகப் படித்தது. எங்கள் மடலைத் திறந்ததும் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. மடல் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்ததே காரணம். அவ்வகைப் பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிவது தமிழ் வடிவம்; உள்ளே பதிவாவது ஆங்கில விசை. 'தமிழ்' என்ற சொல்லை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் வரும். ஆகவே, மடலுக்குள் 'மதகு' என்று தேடினாலும் கிடைக்காது; ஒரு பத்தியை மட்டும் நகலெடுத்து மைத்துனருக்கு அனுப்பவும் முடியாது.

வேறு இரண்டு செய்திகளையும் குறித்துக்கொண்டோம். பலர் மடலைத் திறந்ததே இல்லை. படங்களால் கோப்பு கனத்துப் போயிருந்ததாலும், கைப்பேசியில் இடம் இல்லாததாலும், பதிவிறக்கக் குறியைத் தொடாமலே கடந்திருந்தார்கள். அச்சுப் படியை எடுத்தவர்களோ முதலில் எட்டாம் பக்கத்தைத்தான் பார்த்தார்கள். உரக்கடைக்காரர் தம் விளம்பரத்தில் ஒரு செய்தியை மட்டும், பெரிய எழுத்தில், சுற்றிலும் இடம் விட்டுச் சொல்லியிருந்தார். வடிவமைப்புக் கலையை நாங்கள் அவரிடம் கற்றிருக்கலாம்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு வரிசையைப் பற்றியது. வாசகர் எதற்காக மடலை எடுக்கிறாரோ அது முதல் பக்கத்துக்கு வர வேண்டும் என்றதும், தலையங்கத்தையும் படங்களையும் எங்கே வைப்பது என்ற சிக்கல் எழுந்தது. "தலைவர் படத்த உள்ள தள்ளுனா அவருக்குச் சங்கடமா இருக்குமுங்களே" என்று செயலாளர் தயங்கினார். நாங்கள் விளக்கம் எதுவும் சொல்லாமல், களத்தில் கேட்ட அதே கேள்வியைத் தலைவரிடமும் கேட்டோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரித்து, நகர்த்தி, மீண்டும் விரித்து, கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்குப் பேத்தியத்தான் கூப்புடோணும்" என்றார். தலையங்கத்தை ஐந்தாம் பக்கத்துக்குக் கொண்டுபோகச் சொன்னவர் அவரே.

இரண்டாவது, பக்கத்தின் அளவு. ஒரே கோப்பு அச்சுக்கும் கைப்பேசிக்கும் உதவாது என்று ஏற்றுக்கொண்டு, ஒரே செய்தியை இரு வடிவங்களில் அமைத்தோம். கைப்பேசிக்கு ஒற்றைப் பத்தியில், திரையின் அகலத்துக்கே வகுத்த ஒடுங்கிய பக்கம். விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனால் போதும். அச்சுக்கு ஏ5 அளவில் பதினாறு பக்கம். ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 என்பதால் தாள் செலவு கூடவில்லை. இதில் பால் சங்க எழுத்தர் சொன்ன ஒரு சேர்க்கை, என் எண்ணங்கள் அனைத்தையும்விடப் பயன்பட்டது: இதழின் மேல்மூலையில் ஓட்டை போட்டு ஒரு நூலைக் கோத்துக் கொடுங்கள், பஞ்சாங்கத்தைப் போல ஆணியில் மாட்டிக்கொள்வார்கள் என்றார் அவர். அதுவரை மடித்துத் திண்ணையில் போடப்பட்ட மடல் அதன்பின் சுவருக்குப் போயிற்று.

மூன்றாவது, எழுத்து. பாமினியை விட்டு, தமிழ் எழுத்தாகவே பதிவாகும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாறினோம். கோவையில் 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நாள்களிலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டுவிட்டது. அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்துகொண்டு நாங்கள் பாமினியில் அடித்துக்கொண்டிருந்தோம். அச்சு வேலை செய்வோரிடம் பழைய எழுத்துரு இன்னும் நிலைத்திருப்பதற்குப் பழக்கமும், கைக்குப் பதிந்துவிட்ட விசைப்பலகையுமே காரணங்கள். என் காரணமும் அதுவே. படிப்போரும் அச்சுக் கோப்போரும் படும் தொல்லையைக் குறைக்க எழுத்தையே மாற்றிக்கொள்வது ஈரோட்டுக்குப் புதிதன்று. 1935இல் பெரியார் தம் குடி அரசு இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதிதான் 1978இல் அரசாணையாகி, இன்று நாம் எழுதும் 'லை', 'னா' முதலிய வடிவங்களைத் தந்தது. அதனோடு ஒப்பிட்டால் நான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது விரல் பழக்கத்தை மட்டுமே.

எழுத்தின் அளவை அச்சில் 12 பாயிண்ட் ஆக்கி, வரிக்கு வரி 19 பாயிண்ட் இடம் விட்டோம். மேலே சுழியும் கீழே கொக்கியும் கொண்ட தமிழ் எழுத்துகளை ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளியில் அடுக்கினால், மேல்வரியின் 'கு'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். இரு ஓரத்தையும் நேராக இழுத்துக் கட்டுவதைக் கைவிட்டோம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'விற்பனைக்கூடங்களிலிருந்து' போன்ற ஒரு சொல் ஒடுங்கிய பத்தியில் கிட்டத்தட்ட ஒரு வரியையே பிடித்துக்கொள்ள, அடுத்த வரியில் எஞ்சிய இரண்டு சொற்கள் ஆளுக்கொரு கரையில் நிற்கும். நிறத்தில் அதிகம் யோசிக்கவில்லை. வெள்ளையில் கறுப்பு, தலைப்புக்கு அடர்பச்சை. பின்புல இலை போயிற்று.

நான்காவது, எழுதும் முறை. இதில்தான் செயலாளருக்கும் எனக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. தென்னையில் சுருள் வெள்ளை ஈயைப் பற்றிய ஒரு கட்டுரை வைகாசி இதழுக்கு வந்திருந்தது. அதன் தலைப்பு, 'வேளாண்மையில் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையின் முக்கியத்துவம்'. முதல் பத்தி தென்னையைக் கற்பகத் தரு என்று போற்றியது. இரண்டாம் பத்தி அப்பூச்சி 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் காணப்பட்டதைச் சொன்னது. என்ன செய்ய வேண்டும் என்பது ஆறாம் பத்தியில் இருந்தது. நாங்கள் தலைப்பை, 'தென்னை ஓலை கறுத்திருக்கிறதா? பூச்சிமருந்தை எடுக்காதீர்கள்' என்று மாற்றினோம். அடுத்த வரிகளிலேயே செய்ய வேண்டியது வந்தது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் வீதம் மைதா மாவைக் காய்ச்சிய பசையைக் கரைத்து ஓலைமேல் தெளித்தால், காய்ந்து உதிரும்போது கரும்பூஞ்சாணத்தையும் உரித்துக்கொண்டு விழும், தோட்டத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறிகளை வைக்க வேண்டும், பூச்சிமருந்தை அடித்தால் வெள்ளை ஈயைத் தின்று அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணியும் சேர்ந்து செத்துவிடும். அது எப்போது, எங்கிருந்து பரவியது என்ற செய்தி கடைசிக்குப் போயிற்று.

இவ்வாறு எழுதினால் கட்டுரையின் கம்பீரம் போய்விடும் என்றார் செயலாளர். அது வெற்றுப் பேச்சு அன்று. நாற்பது ஆண்டுகள் மாணவர்களுக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கற்பித்தவர் அவர். நான் பதில் சொல்வதற்குப் பதிலாக இரு வடிவங்களையும் அச்சிட்டு அவர் வீட்டம்மாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டாவதைப் படித்து முடித்ததும் எழுந்து தோட்டத்துப் பக்கம் ஓலையைப் பார்க்கப் போனார். வாக்குவாதம் அத்துடன் முடிந்தது. சொற்களிலும் செயலாளரே அதன்பின் முன்னின்று மாற்றினார்: 'தாவர எச்சங்கள்' என்றிருந்த இடத்தில் 'மஞ்சள் தோகை' என்று வந்தது, 'கால்நடைக் கழிவு' மீண்டும் சாணி எரு ஆயிற்று.

ஐந்தாவது, விலைப் பட்டியல். ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள், ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்கள் ஆகிய நான்கு இடங்களின் விரலி மஞ்சள், கிழங்கு மஞ்சள் விலைகளை நாள்வாரியாக ஒரு முழுப் பக்கத்துக்கு அடுக்கியிருந்தோம். அதைப் படிப்பவர் ஒருவர்கூட இல்லை. அன்றாட விலையை எல்லோரும் அன்றன்றே கைப்பேசியில் அறிந்துகொள்கிறார்கள். மாதக் கடைசியில் வரும் பட்டியல் பழைய சோறு. அதை எடுத்துவிட்டு, அந்த மாதத்தில் விரலியும் கிழங்கும் எந்த விலைக்கும் எந்த விலைக்கும் இடையில் நின்றன என்று இரண்டே வரி போட்டோம்.

ஆடி மாதப் பிழை

வைகாசி, ஆனி இதழ்கள் நன்றாகவே வந்தன. ஆடியில், முதல்போக நன்செய்ப் பாசனத்துக்குக் கீழ்பவானியில் ஆகஸ்ட் 15ஆம் தேதி தண்ணீர் திறக்கும் அறிவிப்பு வந்தது. கீழ்பவானித் திட்டத்தின் 2,07,000 ஏக்கரும் இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டவை; ஒரு பாதியான 1,03,500 ஏக்கருக்கு முதல்போகத்தில் நன்செய்த் தண்ணீர், மறுபாதிக்கு அடுத்த போகத்தில் புன்செய்த் தண்ணீர்; மறு ஆண்டு இது மாறும். ஆகவே அறிவிப்பு எப்போதும் நீளமாகவே இருக்கும்: பிரதானக் கால்வாயின் ஒற்றைப்படை மதகுகளுக்கும், சென்னசமுத்திரம் பகிர்மானக் கால்வாயின் இரட்டைப்படை மதகுகளுக்கும் என்று போகும் அது. மறு ஆண்டில் ஒற்றையும் இரட்டையும் இடம் மாறும்.

இந்த நீண்ட வாக்கியத்தைப் பார்த்ததும் என் கை துறுதுறுத்தது. மடலோடு, வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கென்று ஒரு படமும் செய்தேன். வாய்க்காலில் நீர் ஓடும் புகைப்படம்; அதன்மேல் பெரிய எழுத்தில் 'ஆகஸ்ட் 15: ஒற்றைப்படை மதகுகளுக்குத் தண்ணீர்'. சென்னசமுத்திரம் பற்றிய பகுதி மடலுக்குள் இருந்தது, படத்தில் இல்லை. இடம் பற்றாது என்று நானே விட்டேன். செயலாளர் அன்று ஊரில் இல்லாததால், வேறு எவரும் பார்க்காமல் அது குழுவுக்குப் போயிற்று.

படம் மடலைவிட வேகமாகப் பரவியது. அனுபவமுள்ளவர்களுக்கு அதனால் கேடு ஒன்றும் இல்லை. தம் மதகு எந்த ஆண்டு எந்தப் பக்கம் என்பது அவர்களுக்கு விரல்நுனிச் செய்தி. ஆனால், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அந்த ஆண்டுதான் தோட்டத்துக்குத் திரும்பியிருந்த ஓர் இளைஞருக்குச் சென்னசமுத்திரம் கால்வாயில் ஒற்றைப்படை மதகு. அவர் எங்கள் படத்தை நம்பிக் கிணற்றுத் தண்ணீரில் நெல் நாற்றங்கால் விட்டுவிட்டார். தண்ணீர் வந்த பின்னரே தம் மதகு அடைத்திருப்பதைக் கண்டார். "மதகப் பாத்து நாத்து விடாம, படத்தப் பாத்து நாத்து விட்டயா கண்ணு?" என்று அவருடைய அப்பிச்சி (தாய்வழித் தாத்தா) கேட்டதை அவரே வந்து எங்களிடம் சொன்னார். நாற்று வீணாகவில்லை, பிரதானக் கால்வாய்ப் பக்கத்தில் இருந்த உறவினர் எடுத்துக்கொண்டார். விதைச் செலவும், உழவுக் கூலியும், ஊரார் சிரிப்பும் அவருக்கு மிஞ்சின. செலவைக் குழு ஈடுசெய்தது.

பிழையை அலசியபோது ஒன்று தெளிவாயிற்று. மஞ்சள் தலைப்புகளைச் செய்த அதே கை, அதே ஆசையோடுதான் இந்தப் படத்தையும் செய்திருந்தது. முதல் முறை அழகு செய்தியை மறைத்தது; இம்முறை அழகுக்காகச் செய்தியிலிருந்து ஒரு நிபந்தனையை அறுத்தேன். பின்னதே கொடியது, ஏனெனில் மறைந்திருப்பதைத் தேடலாம். அறுத்ததை அறுத்தார்கள் என்றே வாசகருக்குத் தெரியாது.

ஆவணி இதழின் முதல் பக்கத்தில், தவறு வெளிவந்த அதே எழுத்தளவில் திருத்தத்தைப் போட்டோம். அதன்பின் தண்ணீர்ச் செய்தியைப் படமாக அனுப்புவதில்லை; ஒருங்குறியில் தட்டிய வெறும் எழுத்தாகவே அனுப்புகிறோம். அதைத் தேடலாம், காதால் கேட்கவும் செய்யலாம். மடலில் அது பட்டியல் வடிவம் பெற்றது: வாசகர் முதலில் தம் கால்வாயின் பெயரைப் பார்க்க வேண்டும், அடுத்த கட்டத்தில் மதகு ஒற்றையா இரட்டையா என்று பார்க்க வேண்டும், அதன் நேரே தேதி. நிபந்தனைகள் தேதியின் எழுத்தளவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. தேதியும் அளவும் உள்ள எந்தச் செய்தியையும், பிரதானக் கால்வாய்ப் பக்கத்தவர் ஒருவரும் சென்னசமுத்திரம் பக்கத்தவர் ஒருவரும் படித்துத் தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொன்ன பின்னரே வெளியிடுகிறோம். எனக்கு இதில் விதிவிலக்கு இல்லை.

பின் நடந்தது

எண்ணிக்கையாகச் சொல்லத் தக்க சான்று எங்களிடம் இல்லை. கண்டதை மட்டுமே சொல்ல முடியும். பால் சங்கத்து மூலையில் கட்டு தங்குவதில்லை. ஆணியில் ஐந்தாறு இதழ்கள் சேர்ந்து தொங்கும் வீடுகள் உண்டு. கூட்டங்களில் வரும் கேள்விகள் மாறின. தண்ணீர் எப்போது என்று கேட்டவர்கள், மைதாப் பசையை அடித்தேன், மறுநாளே மழை பெய்துவிட்டது, மீண்டும் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். கண்புரைப் பெரியவர் மடலைக் கேட்கிறார். ஆனால் கைப்பேசி பட்டியலைக் கட்டம் கட்டமாகத் தாவிப் படிப்பது அவருக்குப் புரியவில்லை என்றார். அதனால் அனுப்பும் எழுத்துச் செய்தியில் ஒவ்வொரு கால்வாய்க்கும் தனித்தனி முழு வாக்கியம் எழுதுகிறோம்.

உரக்கடைக்காரர், தம் விளம்பரத்தை இப்போது யாரும் முதலில் பார்ப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு கட்டணத்தைக் குறைத்தார். குழுவுக்கு அது இழப்புதான். தலையங்கம் உள்ளே போனபின் தலைவர் பாதி நீளத்தில் எழுதுகிறார். அதை முன்னைவிடப் பலர் படிக்கிறார்கள் என்பது அவருக்கே வியப்பு. நீண்ட கட்டுரைகளை விரும்பிப் படித்துவந்த சிலருக்கு இம்மாற்றம் பிடிக்கவில்லை. அவர்களில் ஒருவர், எல்லாவற்றையும் கேள்வியாகத் தலைப்பிடுவது பரீட்சைத் தாளைப் போல இருக்கிறது என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. இதழுக்கு ஒன்றிரண்டு கேள்வித் தலைப்புகளோடு நிறுத்திக்கொண்டோம். மாதம் ஒரு கட்டுரை அதன் முழு நீளத்தில், கடைசிப் பக்கங்களில் வருகிறது.

மாற்றிச் செய்வதாயின்

முதலில், அலங்கரித்த இரண்டு மாதங்களும் வேண்டியிருக்கவில்லை. சித்திரையில் செய்ததைத் தையிலேயே செய்திருக்கலாம். நான்கு நாள்களும் டீச்செலவும்தான் அதற்கு ஆயின. மாற்றம் தொடங்குமுன், பால் சங்கத்தில் எத்தனை படிகள் மீந்தன, எத்தனை பேர் கோப்பைத் திறந்தார்கள் என்று இரண்டு மாதம் குறித்து வைத்திருந்தால், பின்னால் ஒப்பிட ஏதேனும் இருந்திருக்கும். அது என் கவனக்குறைவு.

பழைய இதழ்களை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையையும் வேறு வகையில் தொடங்கியிருப்போம். எல்லாவற்றையும் வரிசையாக மாற்றப் புகுந்து, இடையில் வேறு வேறு எழுத்துருக்கள் புகுந்திருப்பதைக் கண்டு, மாற்றி வந்ததை வரிக்கு வரி ஒப்பிட வேண்டியதாகி, மூன்றாவது மாதத்திலேயே களைத்துவிட்டோம். இப்போது உறுப்பினர் எவரேனும் ஒரு பழைய செய்தியைக் கேட்டால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுகிறோம். மருந்தளவு உள்ள பக்கமாயின், இன்றும் அந்த அளவு பொருந்துமா என்று வேளாண்மைத் துறை அலுவலரிடம் கேட்ட பின்னரே கொடுக்கிறோம்.

கைப்பேசி இல்லாதவர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்குபவர்கள் ஆகியோரை இந்த மாற்றங்கள் எட்டவில்லை. களத்தில் மஞ்சள் காயப்போடும் பெண்களில் பலர் அப்படிப்பட்டவர்கள். அவர்களில் எவரையும் நாங்கள் அந்த நான்கு நாள்களில் உட்கார வைத்துக் கேட்கவில்லை. தண்ணீர்ச் செய்தியை மட்டும் பால் சங்கத்து ஒலிபெருக்கியில் காலை கறவை நேரத்தில் படிக்கலாமா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். படிப்பதற்கு அந்த இளைஞர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு கால்வாய்களின் பெயரையும் சேர்த்துத்தான் படிப்பேன் என்பது அவருடைய நிபந்தனை.